64 டெஸ்ட்டா, 87 டெஸ்ட்டா? ரத்தப் பரிசோதனை பேக்கேஜ் பற்றி வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

தனியார் ஆய்வகங்கள் விற்கும் முழு உடல் ரத்தப் பரிசோதனை பேக்கேஜ்களைப் பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டபடி ஊர் மட்டும் தரப்படுகிறது.

கேள்வி: எனக்கு வயது 44. பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலைதான், உடற்பயிற்சி எதுவும் கிடையாது. இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு, அம்மாவுக்கு இல்லை. இதுவரை ரத்தப் பரிசோதனை செய்துகொண்டதே இல்லை. 64 டெஸ்ட் 999 ரூபாய், 87 டெஸ்ட் 1,999 ரூபாய், 110 டெஸ்ட் 3,499 ரூபாய் என்று மூன்று பேக்கேஜ்கள் செல்போனுக்கு வந்தன. டெஸ்ட் அதிகமாக இருந்தால் பாதுகாப்பும் அதிகம் என்கிறார் நண்பர். மூன்றின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? (வாசகர், திருப்பூர்)

பதில்: இந்த விளம்பரங்களில் எண்ணப்படுபவை பெரும்பாலும் பரிசோதனைகள் அல்ல, அறிக்கையில் அச்சாகும் வரிகள். நீங்கள் அனுப்பிய 64 டெஸ்ட் பட்டியலை வரிவரியாக எண்ணிப் பார்த்தேன். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தில் சில துளிகளைக் கருவியில் ஒருமுறை செலுத்தினால் முடிந்துவிடும் முழு ரத்த எண்ணிக்கை என்ற ஒரே பரிசோதனை, அதில் 20 டெஸ்ட்டாகக் காட்டப்பட்டிருக்கிறது. வெள்ளையணுக்களின் ஐந்து வகைகள் சதவீதமாக ஒருமுறை வருகின்றன. அதே ஐந்து வகைகள் எண்ணிக்கையாக மறுபடியும் வருகின்றன. சதவீதத்தை மொத்த எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைக்கும் ஐந்து எண்களும் ஐந்து தனி டெஸ்ட்டுகளாகிவிட்டன.

கொழுப்புப் பரிசோதனையிலும் இதே கதைதான். அதில் எட்டு வரிகள் இருந்தாலும், உண்மையில் அளக்கப்படுபவை பெரும்பாலும் மொத்த கொலஸ்ட்ரால், நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்டிஎல், ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஆகிய மூன்றுதான். ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் விஎல்டிஎல் என்ற இன்னொரு கொழுப்பு வந்துவிடும்; மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லையும் விஎல்டிஎல்லையும் கழித்தால் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் வந்துவிடும். மொத்தம் 210, ஹெச்டிஎல் 42, ட்ரைகிளிசரைடு 240 என்றால் விஎல்டிஎல் 48, எல்டிஎல் 120. இது 1972இல் ஃப்ரீடுவால்டு என்பவர் தந்த சூத்திரம். இன்றும் பல ஆய்வகங்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. சூத்திரம் தவறானதல்ல. ஆனால் ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அது பொருந்தாது, அப்போது எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். மீதி வரிகளெல்லாம் இந்த எண்களின் விகிதங்கள். கல்லீரல் பகுதியில் குளோபுலின் என்ற புரதம், சிறுநீரகப் பகுதியில் பியூஎன் என்ற யூரியா நைட்ரஜன் அளவு, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சிக்குக் கீழே வரும் சராசரி சர்க்கரை ஆகியவையும் கணக்குப் போட்டு வருபவைதான். கணக்கிட்டு வருவதாலேயே அவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. ரத்தத்தில் உள்ள கழிவுப்பொருளான கிரியாட்டினினிலிருந்து கணக்கிடப்படும் இஜிஎஃப்ஆர் என்ற வடிகட்டும் வேகம், சிறுநீரகத்தைப் பற்றிய மிக முக்கியமான எண். ஆனால் வரிக்கு இவ்வளவு ரூபாய் என்று பேக்கேஜை எடைபோடுவதற்கு இடமில்லை.

87 டெஸ்ட் பேக்கேஜில் விட்டமின் டி, பி12, இரும்புச்சத்து ஆகியவை கூடுதலாக இருக்கின்றன. 110இல் மூட்டுவாதத்துக்கான ஆர்ஏ ஃபாக்டர், ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம், ஹெச் பைலோரி ஆன்டிபாடி, பிஎஸ்ஏ ஆகியவை சேர்கின்றன. மூட்டு வலி இல்லாத ஒருவருக்கு ஆர்ஏ ஃபாக்டர் பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் மூட்டுவாதம் அறவே இல்லாதவர்கள் சிலருக்கும், குறிப்பாக வயதானவர்களுக்கு, அது பாசிட்டிவ் என்று வரும். ஹெச் பைலோரி ஆன்டிபாடி எப்போதோ வந்துபோன தொற்றையும் காட்டும் என்பதால், வயிற்றில் இப்போது கிருமி இருக்கிறதா என்று அதை வைத்து முடிவு செய்ய முடியாது. புரோஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏவை 44 வயதில், குடும்பத்தில் யாருக்கும் அந்த நோய் இல்லாதபோது, பார்க்கத் தேவையில்லை. 2,500 ரூபாய் அதிகம் கொடுத்து நீங்கள் வாங்குவது, பதில் கிடைத்தாலும் என்ன செய்வதென்று தெரியாத கேள்விகளை.

இனி உங்களுக்கு என்ன தேவை என்று பார்ப்போம். சென்னையில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்ற எளிய முறை ஒன்று இருக்கிறது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்ற நான்கே கேள்விகள். ஊசி வேண்டாம், செலவும் இல்லை. உங்கள் வயதுக்கு 20, இடுப்பு 90க்கும் 99 செ.மீ.க்கும் இடையில் இருப்பதால் 10, உட்கார்ந்த வேலையும் உடற்பயிற்சியின்மையும் சேர்ந்து 30, அப்பாவுக்கு நோய் இருப்பதால் 10 என்று உங்களுக்கு 70 வருகிறது. 60ஐத் தொட்டாலே அபாயம் அதிகம் என்று கொள்ள வேண்டும். ஆகவே உங்கள் உடலைப் பொறுத்தவரை முதல் கேள்வி சர்க்கரை.

அந்தக் கேள்விக்கு நீங்கள் அனுப்பிய மூன்று பேக்கேஜ்களிலும் அரைகுறைப் பதில்தான் இருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சியும் இருக்கின்றன. இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரை எதிலும் இல்லை. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் இரண்டாவது முறையும் வர வேண்டியிருக்கும் என்பதால், ஒரே குத்தில் முடியும் பேக்கேஜ்களில் அது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆனால் நம்மவர்களில் வெறும் வயிற்றில் சரியாக இருந்து, 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு 140க்கும் 199க்கும் இடையில் காட்டுபவர்கள் ஏராளம். சர்க்கரை நோய்க்கு முந்தைய இந்தக் கட்டத்தில் கண்டுபிடிப்பதால் என்ன பயன் என்பதற்கும் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இப்படிப்பட்ட 531 பேரை வைத்து ஆய்வு நடத்தி 2006இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் உடற்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தியவர்களிடம், நோயாக மாறுவது ஒப்பளவில் 28.5 சதவீதம் குறைந்திருந்தது. நீங்கள் இப்போதே கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய வாய்ப்பு இருக்கும் வயதில் இருக்கிறீர்கள் என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஆகவே 999 ரூபாய் பேக்கேஜையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு ரத்த எண்ணிக்கை, கொழுப்பு, கிரியாட்டினின், கல்லீரல் என்சைம்கள், எச்பிஏ1சி, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் அதில் இருக்கின்றன. அத்துடன் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையை ஆய்வகத்துக்கு நேரில் போய்த் தனியாகச் செய்துகொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் பி தொற்றுக்கான ஹெச்பிஎஸ்ஏஜி பரிசோதனையை வாழ்க்கையில் ஒருமுறையாவது செய்துகொள்வது நல்லது. ரத்த அழுத்தத்தை எந்த ரத்தக் குழாயும் காட்டாது; அருகிலுள்ள மருத்துவரிடம் அறிக்கையோடு போகும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணாவது சர்க்கரை நோய் என்று காட்டினாலும், உங்களுக்கு அறிகுறிகள் இல்லாத நிலையில், இன்னொரு பரிசோதனையும் அதை உறுதி செய்த பிறகே நோய் என்று முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எனக்கு 36 வயது. என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. பெண்களுக்கான புற்றுநோய் பேக்கேஜ் என்று சிஏ 125, சிஇஏ உள்ளிட்ட ஐந்து ரத்தப் பரிசோதனைகளை 4,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். செய்துகொண்டால் நிம்மதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். சரிதானா டாக்டர்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கு இந்தப் பேக்கேஜ் மருந்தாகாது. சிஏ 125, சிஇஏ போன்ற ரத்தக் குறியீடுகள், நோய் ஏற்கெனவே உறுதியானவர்களிடம் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்று பின்தொடர்வதற்கு உதவுபவை. நலமாக இருப்பவர்களிடம் புற்றுநோயைத் தேடுவதற்கு ஏற்றவை அல்ல. சிஏ 125 மாதவிலக்கு நாட்களில் உயரும். கர்ப்பப்பைக் கட்டியிலும், கர்ப்பப்பையின் உட்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும் உயரும். நம் நாட்டில் அதிகம் காணப்படும் வயிற்றுக் காசநோயில் மிக அதிகமாகவே உயரும். சிஇஏ புகைபிடிப்பவர்களுக்குக் கூடுதலாக இருக்கும். மறுபுறம், ஆரம்பநிலைப் புற்றுநோய் இருக்கும்போதே இவை சாதாரணமாக இருப்பதும் உண்டு; அப்போது கிடைக்கும் நிம்மதி பொய்யானது.

இதைப் பெரிய அளவில் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். பிரிட்டனில் மாதவிலக்கு நின்ற இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் சிஏ 125 பார்த்தார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிட்ட முடிவின்படி, சினைப்பைப் புற்றுநோய் மரணங்கள் அதனால் குறையவில்லை. அவ்வளவு ஒழுங்காகத் திட்டமிட்டு நடத்திய இடத்திலேயே பயன் கிடைக்காதபோது, ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு என்ன முடிவுக்கு வர முடியும்?

உங்கள் வயதில் செய்ய வேண்டியது வேறு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருமுன்பே கண்டுபிடிக்கக்கூடியது. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்கிறார்கள். மார்பகத்தையும் அங்கேயே பரிசோதித்துக்கொள்ளலாம். செலவு செய்ய முடிந்தால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸுக்கான பரிசோதனை இன்னும் மேலானது. அது கர்ப்பப்பை வாயிலிருந்து மாதிரி எடுத்துச் செய்வது, ரத்தத்தில் பார்ப்பதல்ல. அத்தை அப்பாவுடன் பிறந்தவரா, எந்த வயதில் நோய் வந்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா என்று கேட்டு எழுதி எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். அப்பா வழியிலும் இந்த அபாயம் வரலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் எப்போது தொடங்குவது என்பதை அந்த விவரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: 29 வயதுப் பெண், மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அலுவலகத்தில் ஏற்பாடு செய்த பேக்கேஜில் ஐந்து இடங்களில் சிவப்பு எழுத்து வந்திருக்கிறது. டிஎஸ்ஹெச் 0.2, டி4 சற்று அதிகம், ஆர்டிடபிள்யூ, எம்பிவி, குளோபுலின் ஆகியவை எல்லைக்குச் சற்று வெளியே. ஆய்வகத்திலிருந்து போன் செய்து, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, உடனே அடுத்த பேக்கேஜ் செய்ய வேண்டும் என்கிறார்கள். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. தலைமுடி உதிர்வதற்கு மட்டும் நான்கு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். (வாசகி, சென்னை)

பதில்: மாத்திரையின் பெயரை எழுதி, அட்டையின் புகைப்படத்தையும் அனுப்பியதற்கு நன்றி. அதில் பயோட்டின் என்ற விட்டமின் 10 மில்லிகிராம் இருக்கிறது. தைராய்டு ஹார்மோன்களை அளக்கும் சில முறைகளில், ஆய்வகக் கருவிக்குள் நடக்கும் வினையிலேயே பயோட்டின் ஒரு பங்கு வகிக்கிறது. உங்கள் ரத்தத்தில் பயோட்டின் மிகுதியாக இருந்தால் அந்த வினை குழம்பி, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச்சைப் பொய்யாகக் குறைத்தும், தைராய்டு சுரக்கும் டி4ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டிவிடும். அதாவது தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோயின் தோற்றம் காகிதத்தில் அப்படியே வந்துவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. இப்போதைக்கு அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, மூன்று நாளாவது கழித்து, டிஎஸ்ஹெச்சையும் ஃப்ரீ டி4ஐயும் மட்டும் மறுபடி பாருங்கள். ஆய்வகத்தில் பயோட்டின் விவரத்தைச் சொல்லுங்கள். அப்போதும் டிஎஸ்ஹெச் குறைவாகவே இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரே ஓர் அறிக்கையை வைத்து யாரும் தைராய்டு மாத்திரை தொடங்கக் கூடாது.

மற்ற மூன்று சிவப்பு எழுத்துகளைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அறிக்கையில் வலப்பக்கம் அச்சாகும் எல்லை பெரும்பாலும் எப்படி வருகிறதென்றால், நலமாக இருக்கும் பலரிடம் அளந்து, நடுவில் உள்ள 95 சதவீதத்தினரின் அளவுகளை மட்டும் சாதாரணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 5 சதவீதத்தினரும் நலமானவர்கள்தான். ஆனாலும் அவர்களுக்குச் சிவப்பு எழுத்து விழும். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளைச் செய்தால், எந்த நோயும் இல்லாத நூறு பேரில் 64 பேருக்கு ஏதாவது ஒன்றாவது எல்லைக்கு வெளியே வரும் என்பது எளிய நிகழ்தகவுக் கணக்கு. பேக்கேஜ் நீள நீள இது கூடிக்கொண்டே போகும். உங்கள் ஹீமோகுளோபின் 12.8, அணுக்களின் அளவும் சரியாக இருக்கிறது. சிவப்பணுக்களின் அளவு வேறுபாட்டைக் காட்டும் ஆர்டிடபிள்யூவும், தட்டணுக்களின் சராசரி அளவான எம்பிவியும், குளோபுலினும் சற்று விலகியிருப்பதற்காக எதுவும் செய்ய வேண்டாம்.

போன் செய்தவர் உங்களைப் பரிசோதித்த மருத்துவர் அல்ல. அறிக்கையைப் படித்துப் பொருள் சொல்வதையும், அடுத்த பேக்கேஜை விற்பதையும் ஒரே ஆள் செய்கிற இடத்தில் முடிவை எடுக்காதீர்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். தெருவுக்கு இரண்டு கலெக்‌ஷன் சென்டர்கள் வந்துவிட்டன. வீட்டுக்கே வந்தும் எடுக்கிறார்கள். எந்த ஆய்வகத்தை நம்புவது, எப்படிச் சரிபார்ப்பது என்று விளக்க வேண்டுகிறேன். (வாசகர், மதுரை)

பதில்: ஐயா, என்ஏபிஎல் என்ற தேசிய அங்கீகார வாரியம், மருத்துவ ஆய்வகங்களை ஐஎஸ்ஓ 15189 என்ற தரநிலையின்படி சோதித்து அங்கீகாரம் தருகிறது. இந்த அங்கீகாரம் நிறுவனத்தின் பெயருக்குத் தரப்படுவதல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். குறிப்பிட்ட முகவரியில் உள்ள ஆய்வகத்துக்கும், அங்கே செய்யப்படும் குறிப்பிட்ட பரிசோதனைகளுக்கும்தான் அது பொருந்தும். ஒரு நிறுவனத்தின் சென்னை ஆய்வகத்துக்கு அங்கீகாரம் இருந்து, உங்கள் ரத்தம் உண்மையில் போய்ச்சேரும் ஆய்வகத்துக்கு இல்லாமலும் இருக்கலாம். ஆகவே பணம் கட்டுமுன், 'என் ரத்தத்தை எந்த ஊரில், எந்த ஆய்வகத்தில் சோதிக்கிறீர்கள்' என்று கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் எந்தெந்தப் பரிசோதனைகள் அடங்கும் என்ற விவரமும் என்ஏபிஎல் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கின்றன. அறிக்கையில் கையொப்பமிட்டவரின் பெயரும் தகுதியும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஆனால் ஆய்வகத்துக்கு வெளியே, உங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்கும் பிழைகளை எந்தச் சான்றிதழும் சரிசெய்துவிடாது. ரத்தம் எடுக்க வருபவரின் கையில் மூன்று நிற மூடிகளுடன் குழாய்கள் இருக்கும். சிவப்பு அல்லது மஞ்சள் மூடி, உறையவைத்துச் சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரிப்பதற்கு. கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு எல்லாம் அதிலிருந்து. ஊதா மூடி ரத்த எண்ணிக்கைக்கும் எச்பிஏ1சிக்கும். சாம்பல் மூடி சர்க்கரைக்கு. சாம்பல் மூடிக்குள் இருக்கும் ஃப்ளோரைடு, குழாய்க்குள் இருக்கும் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுவிடாமல் தடுக்கிறது. அது இல்லாத குழாயில், சீரம் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்திருந்தால், சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். உண்மையில் வெறும் வயிற்றில் 126 இருந்து சர்க்கரை நோய் என்று காட்ட வேண்டியது, இரண்டு மணி நேரம் இருசக்கர வண்டியில் பையோடு சுற்றிவிட்டு ஆய்வகம் சேரும்போது 111 ஆகிவிடும். சாம்பல் மூடிக் குழாயிலும் முதல் ஓரிரு மணி நேரம் ஓரளவு குறையும் என்பதால் ஐஸ் பெட்டி அவசியம்.

எடுக்கும் வரிசையும் முக்கியம்: சிவப்பு அல்லது மஞ்சள் முதலில், பிறகு ஊதா, கடைசியில் சாம்பல். ஊதாக் குழாயில் உள்ள வேதிப்பொருள் சீரம் குழாயில் சிறிதளவு கலந்தாலும் பொட்டாசியம் கூடியும் கால்சியம் குறைந்தும் காட்டும். குழாயில் உங்கள் பெயரும் வயதும் உள்ள சீட்டை உங்கள் கண்முன்னே ஒட்டச் சொல்லுங்கள். ஒரே வீட்டில் இருவருக்கு எடுக்கும்போது இது மிகவும் அவசியம். கையை இறுக்கிக் கட்டிய பட்டையை நீண்ட நேரம் விட்டுவைப்பதும், விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்வதும் பொட்டாசியத்தைக் கூட்டிவிடும். இதையெல்லாம் கேட்டால் அந்த இளைஞர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். முறையாகப் பயிற்சி பெற்றவர் மகிழ்ச்சியோடு விளக்குவார்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன். மன்னார்குடியில் இருக்கும் அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63. இருவரும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் சாப்பிடுகிறார்கள். முதியோர் பேக்கேஜ் ஒன்றை இங்கிருந்தே பணம் கட்டிப் பரிசாகத் தரலாம் என்று எண்ணுகிறேன். (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: நல்ல எண்ணம். ஆனால் நோய் இருக்கிறதா என்று தேடும் கட்டத்தை உங்கள் பெற்றோர் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்குத் தேவை, இருக்கும் நோய் உறுப்புகளைத் தொட்டுவிட்டதா என்று கண்காணிப்பது. நீங்கள் அனுப்பிய முதியோர் பேக்கேஜில் விட்டமின்களும் மூட்டுவாதப் பரிசோதனைகளும் இருக்கின்றன. சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் இல்லை. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்குவதை, கிரியாட்டினின் உயர்வதற்குப் பல காலம் முன்பே காட்டித் தருவது அதுதான். ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். எச்பிஏ1சி கட்டுப்பாட்டில் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. டெல்மிசார்டன் சாப்பிடுவதால் கிரியாட்டினினோடு பொட்டாசியமும். மெட்ஃபார்மினை நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையக்கூடும் என்பதால், உங்கள் பேக்கேஜில் உள்ளவற்றில் அந்த ஒன்று அவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். கொழுப்பு ஆண்டுக்கு ஒருமுறை.

இவற்றைத் தனித்தனியாக எழுதிக் கொடுத்தாலும் எந்த ஆய்வகமும் செய்யும். பேக்கேஜ் விலையோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். மிச்சமாகும் பணத்தில் கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டச் சொல்லுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் ரத்தத்தில் பார்க்க முடியாது, இரண்டையும் வீட்டில் யாராவது நினைவூட்டி அழைத்துப் போனால்தான் செய்துகொள்வார்கள். நீங்கள் தொலைவில் இருந்தபடி செய்யக்கூடிய பெரிய உதவி அந்த நினைவூட்டல்தான். அறிக்கைகளைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு வருடத்து எண்ணைவிட, மூன்று வருடத்து எண்களை வரிசையாகப் பார்க்கும் மருத்துவருக்கு அதிகம் புரியும்.

கேள்வி: கூலி வேலை செய்கிறேன், வயது 41. ஆயிரம் ரூபாய் என்பதே எனக்குப் பெரிய தொகை. வேறு வழி உண்டா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: உண்டு. 30 வயது கடந்தவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதோடு, நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரையும் தருகிறார்கள். உங்கள் வயதில் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான். மருத்துவர் எழுதித் தந்தால் மற்ற ரத்தப் பரிசோதனைகளையும் அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். முழு உடல் பரிசோதனையே வேண்டும் என்பவர்களுக்காக, சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் உள்ள பன்னோக்கு மருத்துவமனையில் 2016இல் 1,000, 2,000, 3,000 ரூபாய் என்ற மூன்று கட்டணங்களில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அதில் ரத்தப் பரிசோதனையோடு ஸ்கேன், ஈசிஜி போன்றவையும் மருத்துவர் ஆலோசனையும் சேர்ந்திருந்தன என்பதைத் தனியார் பேக்கேஜ்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: நானும் கணவரும் 50ஐத் தாண்டியவர்கள். ஆண்டுதோறும் பேக்கேஜ் செய்துகொள்ள வேண்டுமா? ஒவ்வொரு முறையும் விட்டமின் டி குறைவு என்று வருகிறது. வருமான வரிச் சலுகை உண்டு என்கிறார்களே? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பொதுவான உடல் பரிசோதனைகள் ஆயுளைக் கூட்டுகின்றனவா என்று 17 ஆய்வுகளைத் திரட்டி, இரண்டரை லட்சம் பேரின் விவரங்களை வைத்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2019இல் ஆராய்ந்தது, மரணங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. அவை பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள். சர்க்கரை நோய் நமக்கு இளவயதிலேயே வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 11.4 சதவீதம் பெரியவர்களுக்கு அது இருக்கிறது. ஆகவே நான் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 50ஐத் தாண்டிய உங்களுக்கு அழுத்தம், சர்க்கரை, கிரியாட்டினின் ஆண்டுக்கு ஒருமுறை போதும். கொழுப்பு சரியாக இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்தாலும் போதும். லைப்போபுரோட்டீன் ஏ என்ற ஒரு கொழுப்பு பெரும்பாலும் மரபால் தீர்மானிக்கப்படுவதால், அதை வாழ்நாளில் ஒருமுறை அளந்தால் போதும். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதை அவசியம் பாருங்கள். பெரும்பாலான பேக்கேஜ்களில் அது இருக்காது.

விட்டமின் டி நம் நாட்டில் பலருக்கும் குறைவாகத்தான் வரும். நலமாக இருப்பவர்களுக்கு அதை வழக்கமாக அளக்க வேண்டாம் என்று ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோகிரைன் சங்கம் 2024இல் பரிந்துரைத்திருக்கிறது. எலும்பு வலியோ, எலும்பு முறிவோ, சிறுநீரக நோயோ இல்லையென்றால் ஆண்டுதோறும் அதற்குச் செலவழிப்பதை நிறுத்திவிடலாம்.

வரிச் சலுகையைப் பொறுத்தவரை, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டும் நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. மருத்துவக் காப்பீட்டுக்கான மொத்த வரம்புக்குள்தான் இதுவும் அடங்கும். ரொக்கமாகக் கட்டினாலும் ஏற்பார்கள், ரசீது வேண்டும்.

கேள்வி: வெறும் வயிறு என்றால் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா? காலை மாத்திரைகளை என்ன செய்வது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்; குடித்தால் ரத்தநாளம் எளிதில் கிடைக்கும். காபி, டீ, பால், பழச்சாறு கூடாது. சர்க்கரைக்கு எட்டு மணி நேரம், ட்ரைகிளிசரைடும் பார்ப்பதாக இருந்தால் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும். பதினாறு மணி நேரம் பட்டினி கிடக்க வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போலத் தண்ணீரோடு சாப்பிடலாம். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் வெறும் வயிற்று ரத்தம் கொடுத்து முடித்து, சாப்பிடும்போதுதான் எடுக்க வேண்டும்; இல்லையென்றால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுத்த பிறகு அதைப் போட்டுக்கொள்ளட்டும். முந்தைய நாள் ஜிம்மில் கடுமையான பயிற்சி செய்திருந்தால் கல்லீரல் என்சைம் என்று நாம் நினைக்கும் ஏஎஸ்டி தசையிலிருந்து வந்து உயர்ந்து காட்டும், ஆகவே இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். காய்ச்சல், சளி இருக்கும் வாரத்தில் பேக்கேஜைத் தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே பதிவு செய்திருந்தாலும் பெரும்பாலான ஆய்வகங்கள் தேதியை மாற்றித் தருவார்கள்.